பதின்மூன்று நாள் கலையாத புள்ளி

ஓசூரில் இறங்கியதும் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். பெட்டியை இறக்கி வைத்தவர், காப்பி ஆற்றிக் கொடுத்தவர், தங்கிய விடுதியின் காவலாளி, மூன்று பேர் வாயிலும் ஒரே பேச்சு. "பயப்படாதீங்கம்மா, நம்ம ஊர்ல வெயிலே தெரியாது."

நான் பினாங்கிலிருந்து கடல் தாண்டி வந்ததே வெயிலுக்காகத்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்து ஆசிரியை. மாலை நேரங்களில் முதுகலை ஆய்வு. பொருள், சூரியனின் மேல் தெரியும் கரும்புள்ளிகள் எப்படி உண்டாகின்றன, உண்டானபின் எப்படிக் கலையாமல் நிற்கின்றன என்பது. ஒரே புள்ளியை, அது சூரியனின் கிழக்கு ஓரத்தில் தலைகாட்டும் நாளிலிருந்து மேற்கு ஓரத்தில் மறையும் நாள்வரை, ஏறத்தாழப் பதின்மூன்று நாள், தினமும் வரைந்து காட்டவேண்டும். பினாங்கில் இரண்டு ஆண்டு முயன்றேன். தொடர்ந்து ஐந்து நாளுக்கு மேல் மழை என்னை விட்டதில்லை. பல்கலைக்கழகத்தில் என் பதிவு அந்த ஆண்டோடு காலாவதியாகிறது. பள்ளியில் கெஞ்சி வாங்கிய விடுப்பில் கப்பல் பயணம் போக மிஞ்சியது மூன்று வாரம்கூட இல்லை. தென்னிந்தியாவில் மாசி மாதம் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும், ஓசூருக்குப் போ என்று என் பேராசிரியர் சொன்னார். அவர் அந்த ஊரை ரயில் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்தவரில்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

ஓசூர்க்காரர்கள் பொய் சொல்லவில்லை. காலை ஒன்பதுவரை மூடுபனி. பனி விலகியதும் மேகம். மற்றவர்களுக்கு அது சொர்க்கம். நான் மட்டும் விடுதி மொட்டைமாடியில் நான்கடி நீளத் தொலைநோக்கியோடு நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் காப்பிக் கடைக்காரர் மனமிரங்கினார். எங்கள் ஊரில் கோப்பி என்போம், கறுப்பாக, கெட்டியாக இருக்கும். அவர் கொடுத்தது நுரையும் பாலுமாக வேறு ஜாதி. ஆனால் அவர் கொடுத்த யோசனை முதல் தரம்.

"வெயிலு வேணும்னா கிருஷ்ணகிரிக்கு எறங்கிப் போங்கம்மா. அங்க கல்லும் வெயிலும்தான் வெளையுது."

பஸ்ஸில் கண்டக்டர் தொலைநோக்கிக்கு அரை டிக்கெட் போட்டார். நான் வாதாடினேன். படிக்கட்டுக்குப் பக்கத்தில் குழந்தைகளின் உயரம் பார்க்க ஒரு கோடு போட்டிருந்தது. என் குழாயைத் தூக்கி அதன் பக்கத்தில் நிறுத்தினார். கோட்டைத் தாண்டி ஒரு சாண் நின்றது. "முழு டிக்கெட்டே போடணும், பொம்பளைன்னு பாவம் பாத்தேன்" என்றார். பஸ் முழுக்க அவர் பக்கம். பின் சீட்டில் இரண்டு பேர் அது கிணற்று மோட்டாரின் குழாயா, துப்பாக்கியா என்று தெலுங்கில் வாதித்துக்கொண்டு வந்தார்கள். பக்கத்திலிருந்தவர் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். துப்பாக்கி என்றவர் ஜெயித்தாராம்.

சாலை இறங்க இறங்கக் காற்று சூடானது. மலைகளெல்லாம் மொட்டைப் பாறைகள். கிருஷ்ணகிரியில் காலை வைத்ததும் உச்சந்தலையில் வெயில் அறைந்தது. பேருந்து நிலையத்தில் நின்று நான் சிரித்ததைப் பார்த்து ஒரு அம்மா தன் குழந்தையை மறுபக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்த ஊரில் எனக்கு ஒரே ஒரு முகவரி இருந்தது. பினாங்கில் என்னோடு வேலை பார்க்கும் தோழியின் அக்கா ஸ்டெல்லா. அவரிடம் ஒரு மைலோ பானப்பொடி டப்பாவும் இரண்டு கைலியும் சேர்க்கவேண்டும். டப்பாவைக் கொடுத்துவிட்டு லாட்ஜ் தேடுவதாகச் சொன்னேன். ஸ்டெல்லா அக்கா டப்பாவை ஒரு கையிலும் என் பெட்டியை மறு கையிலும் வாங்கி, இரண்டையும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். அதற்குமேல் பேச்சே இல்லை. அவர் கணவர் ஆரோக்கியசாமி அண்ணன், பர்கூரில் ஒரு கல் பட்டறையில் வேலை. மெருகேற்றிய கருங்கல் பலகைகளைச் சோதிப்பவர். கறுப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தாலும் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டு, "கழிவு" என்று ஒதுக்கிவிடுவார். பட்டறையில் அவரைக் கண்டால் கல்லே நடுங்குமாம். அக்கா சொன்னது.

மறுநாள் சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்து மொட்டைமாடியில் கருவியை நிறுத்தினேன். குழாயில் கண்ணை வைக்கக்கூடாது, வைத்தால் கண் போய்விடும். பின்னால் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் அதில் சூரியன் தட்டளவுக்கு விழும். விழுந்தது. அதன் கிழக்கு ஓரத்தில், அப்போதுதான் எட்டிப் பார்ப்பதுபோல், ஒரு புள்ளி. பெரிய, அழகான, தனியான புள்ளி!

நான் போட்ட கூச்சலில் அக்கா ஓடி வந்தார். அட்டையைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார்.

"அதுவும் காலைப் பூசைக்குப் போயிட்டு வந்துருக்குதா?" என்றார்.

அன்று அதை வரைந்தபோது ஒன்றைக் கவனித்தேன். புள்ளியின் நடு கறுப்பு. அதைச் சுற்றி மங்கலான ஒரு விளிம்பு உண்டு. ஓரத்தில் இருந்தபோது அந்த விளிம்பு ஒரு பக்கம், சூரியனின் நடுவை நோக்கிய பக்கம், காணவில்லை. ஒரு குழித்தட்டைச் சாய்வாகப் பார்த்தால் நமக்கு அருகிலிருக்கும் சரிவு மறைந்து, எதிர்ச் சரிவு மட்டும் தெரியுமே, அப்படி. அப்படியானால் புள்ளி ஒரு குழி. ஆனால் ஒரு ஓரத்தில் பார்த்ததை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அந்தப் புள்ளியே ஒரு பக்கம் கோணலாகப் பிறந்ததாகவும் இருக்கலாம். பதின்மூன்றாம் நாள் மேற்கு ஓரத்துக்குப் போகும்போது எதிர்ப்பக்க விளிம்பு, அதாவது அப்போது நடுவை நோக்கியிருக்கும் பக்கம், மறைந்தால்தான் குழி என்பது உறுதி. ஆக முதல் நாள் கிடைத்துவிட்டது. கடைசி நாள் கிடைக்கவேண்டும்.

நான்காம் நாள் மதியம் எனக்குக் களி கிண்ட ஆசை வந்தது. தவக்காலமாதலால் கறி கிடையாது. களியும் கீரைக் கடைசலும் கொள்ளு ரசமும் மாறி மாறி வரும். முதல் நாள் களியை நான் மென்றதைப் பார்த்து அக்கா தலையில் அடித்துக்கொண்டார். களியை மெல்லக்கூடாது, குழம்பில் புரட்டி விழுங்கவேண்டுமாம். நான்காம் நாளுக்குள் நான் விழுங்குவதில் தேறிவிட்டேன். அடுத்து கிண்டக் கற்க வேண்டியதுதானே!

பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அக்கா கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, குவியலின் நடுவே கோலை ஊன்றினார். நான் பாய்ந்து கோலைப் பிடித்துக் கலக்கப் போனேன்.

"ஐயய்யோ டீச்சர், கை வெக்காதீங்க! இப்பக் கிண்டினா கட்டி கட்டியாப் பூடும். அது பாட்டுக்கு நிக்கட்டும்."

நின்றது. அதுதான் வேடிக்கை. சுற்றிலும் வெள்ளை நுரையோடு தண்ணீர் குதிக்கிறது, நடுவில் கறுத்த மாவுக் குவியல் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் ஒரு குமிழி இல்லை. நான் அடுப்படியில் குந்தியபடி வாய் பிளந்து பார்த்தேன்.

"அக்கா, இது ஏன் கரைஞ்சு போகல?"

"சுத்தி நாலாப் பக்கமும் கொதி தள்ளுதில்ல, எங்க போவும்?"

ஐந்து ஆண்டு படித்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். சூரியனின் மேற்பரப்பும் கொதிக்கும் பானைதான். அடியிலிருந்து சூடான வாயு மேலே வரும், சூட்டைக் கொட்டிவிட்டுக் கீழே இறங்கும். அந்தக் கொதிப்பின் நடுவே சில இடங்களில் காந்தக் கோடுகள் கட்டுக் கட்டாகக் கீழிருந்து எழும்பி நிற்கும். அந்த வாயுவால் காந்தக் கோடுகளைக் குறுக்கே தாண்ட முடியாது. எனவே கட்டுக்குள் கொதிப்பு அடங்கிவிடுகிறது, அடியிலிருக்கும் சூடு மேலே வருவதில்லை. சுற்றுப்புறம் ஏறத்தாழ ஆறாயிரம் டிகிரி என்றால் அந்த இடம் நாலாயிரம். நாலாயிரம் டிகிரியும் தனியாக இருந்தால் கண்ணைப் பறிக்கும். ஆறாயிரத்தின் பக்கத்தில் வைத்ததால்தான் கறுப்பாகத் தெரிகிறது.

சரி, உண்டாயிற்று. ஏன் கலையவில்லை? காந்தக் கட்டு வெளியே விரியப் பார்க்கிறது. சுற்றியுள்ள வாயு அதை உள்ளே நெருக்குகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் நிற்கிறது. உள்ளே காந்தமே பாதிப் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் வாயு கொஞ்சமாக இருந்தால் போதும். வாயு குறைவாக இருப்பதால் நம் பார்வை ஆழமாகப் போகிறது. அதனால்தான் குழி. அந்தக் குழியைக் காட்டிவிட்டால், புள்ளியைத் தாங்குவது யார் என்று காட்டியதாகும்.

மாவுக்கும் காந்தத்துக்கும் உறவில்லை, தெரியும். அந்தக் கட்டு பல இழைகளாகப் பிரிந்து போகாமல் எப்படி ஒன்றாக இருக்கிறது என்று பெரிய பெரிய ஆட்களுக்கே இன்னும் சரியாகத் தெரியாது, அதுவும் தெரியும். ஆனாலும் அன்று நான் களிப்பானையைச் சுற்றி ஆடிய ஆட்டத்தை அக்கா தன் தங்கைக்குக் கடிதத்தில் எழுதிவிட்டார்.

நாட்கள் ஓடின. புள்ளி தினமும் கொஞ்சம் நகர்ந்தது. வரைந்த தாள்களைக் கூடத்துச் சுவரில் வரிசையாக ஒட்டினேன். ஆரோக்கியசாமி அண்ணன் வேலையிலிருந்து வந்து கால் கழுவியதும் அந்த வரிசையின் முன் நிற்பார். ஏதோ சொல்ல வாயெடுப்பார், சொல்லாமல் போய்விடுவார்.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. மாலையில் நானும் அக்காவும் கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போய்த் திரும்பினோம். அண்ணன் கையில் ரப்பரோடு, முகமெல்லாம் மலர்ச்சியாக நின்றிருந்தார்.

"டீச்சர், ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். நீங்க நல்லாத்தான் வரையறீங்க. ஆனா புள்ளி ஒவ்வொரு தாள்ல ஒவ்வொரு எடத்துல இருக்குது. இப்பிடிக் குடுத்தா பரீட்சைல ஒத்துக்குவாங்களா? அதான் எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்."

பத்துத் தாளிலும் புள்ளி ஒரே இடத்தில், கச்சிதமாக, கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. அன்றைய தாளை அளவாக வைத்து மற்ற ஒன்பதையும் திருத்தியிருந்தார்.

நான் சுவரைப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் சேர்த்து அக்கா பேசினார். அதை இங்கே எழுத முடியாது.

அண்ணன் மிரண்டு போனார். "கல்லுல இருக்கற புள்ளி நடக்குமாங்க?" என்று என்னைக் கேட்டார். சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது, புள்ளியும் அதோடு போகிறது என்று எப்படியோ சொன்னேன். அவர் முகம் வாடியதைப் பார்த்து என் கோபம் பாதி கரைந்துவிட்டது. முப்பது ஆண்டாகப் புள்ளி பார்ப்பவர். நகரும் புள்ளியை அவர் எங்கே பார்த்தார்?

மறுநாள் விடிந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டார். கிழக்கு ஜன்னலில் வெயில் படுத்தவாக்கில் வந்துகொண்டிருந்தது. ஒரு தாளைக் கண்ணுக்கு நேராகப் படுக்கவைத்துப் பிடித்திருந்தார். பட்டறையில் பலகைக் கல்லின் கீறலை இப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம்.

"டீச்சர், நீங்க பென்சில அமுத்தி வரைவீங்களா?"

கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. அமுத்தித்தான் வரைவேன்.

"பள்ளம் இருக்குது பாருங்க."

எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவர் தலையைச் சாய்க்கச் சொன்னார். தெரிந்தது! ரப்பர் கறுப்பைத் துடைத்ததே தவிர, பென்சில் அழுந்திய தடத்தைத் துடைக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் ஊசிமுனைப் பென்சிலால் தடத்தைத் தொடர்ந்தேன். ஒன்பது தாளுக்கும் அந்த இளவெயில் போதுமானதாக இருந்தது. மீண்ட புள்ளிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அத்தனையும் ஒரே பாதையில், ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் தாராளமாகவும், சூரியன் சுழலும் கணக்குக்குப் பிசகாமல் இருந்தன. ஒவ்வொரு தாளின் கீழேயும் "அழித்து மீட்டது" என்று உண்மையை எழுதினேன். அண்ணன் அதற்கு அடியில் கையெழுத்துப் போட்டார். நான் கேட்கவே இல்லை.

பதின்மூன்றாம் நாள் திங்கட்கிழமை. அன்று காலை பஸ்ஸைப் பிடித்தால்தான் சென்னையில் கப்பலுக்குப் போய்ச் சேர முடியும். விடிந்ததும் வரைந்துவிட்டுக் கிளம்புவதாகத் திட்டம். பன்னிரண்டு நாள் கொளுத்திய கிருஷ்ணகிரி, அன்று பார்த்துப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டது. ஒரு கீற்று வெளிச்சம் இல்லை. எட்டு மணிக்கு அக்கா கண்ணீரோடு புளிசாதம் கட்டிக் கொடுத்தார். பர்கூருக்கு வேலைக்குப் போகும் அண்ணனும் என்னோடு அதே பஸ்ஸில் ஏறினார். தொலைநோக்கி பஸ்ஸின் மேலே போய்விட்டது, அதன்மேல் பூக்கூடைகள்.

ஊரைத் தாண்டிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மேகம் கிழிந்தது. ஜன்னல் வழியாக வெயில் என் மடியில் வந்து உட்கார்ந்தது. நாளைக்குப் புள்ளி மறுபக்கம் போய்விடும். சூரியன் இங்கே இருக்கிறது, கருவி தலைக்கு மேலே இருக்கிறது, நடுவில் ஒரு தகரக் கூரை. மாதாவே, இந்த வண்டி நிற்கட்டும் என்று வேண்டினேன். ஐம்பது பேர் ஊர் போய்ச் சேரவேண்டிய வண்டி. வேண்டிக்கொண்டதற்கு இன்றுவரை நான் வெட்கப்படவில்லை.

பர்கூருக்கு இரண்டு மைல் முன்னால், ஏற்றத்தில், எஞ்சினிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

"கொதிச்சுடுச்சு!" என்று டிரைவர் ஓரங்கட்டினார். நரைத்த மீசை, கடுகடுத்த முகம். "ஆறட்டும். பத்து நிமிசம். யாரும் மூடியத் தொடாதீங்க."

எல்லாரும் முணுமுணுத்தபடி இறங்கினார்கள். நான் குதித்து இறங்கினேன். அண்ணன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பஸ்ஸின் ஏணியில் ஏறிக் கருவியை இறக்கினார். சாலையோரம் லாரிக்காகக் காத்துக் கிடந்த ஒரு கருங்கல் பாளத்தின்மேல் கருவியை வைத்தோம். அண்ணன் அட்டையைப் பிடித்தார். அதற்குள் கூட்டம் கூடி, ஆளாளுக்குத் தலையை நீட்டிச் சூரியனை மறைத்தார்கள். கண்டக்டர் விசிலடித்து வரிசையில் நிறுத்தினார். தளியிலிருந்து பூக்கூடைகளோடு வந்த அம்மா அட்டையை எட்டிப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ சொல்லக் கூட்டம் சிரித்தது. இவ்வளவு லட்சணமான முகத்துக்குத் திருஷ்டிப் பொட்டை நடு நெற்றியில் வைக்காமல் காதோரத்தில் வைத்தது யார் என்று கேட்டாராம்.

காதோரம்தான். மேற்கு விளிம்பில், இன்றோ நாளையோ என்று. எனக்குக் கண் கலங்கிப் புள்ளி மசமசவென்று தெரிந்தது. அண்ணன் அட்டையில் மூக்கு உரசுமளவு குனிந்தார்.

"டீச்சர், உள்பக்கத்து மங்கல் காணோம். வெளிப்பக்கம் மட்டும் இருக்குது."

"நல்லாப் பாருங்கண்ணே!"

"முப்பது வருசம் பாத்த கண்ணுங்க இது. காணோம்னா காணோம்."

குழி! புள்ளி குழிதான்! நான் பூக்கார அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். அவரும் காரணம் கேட்காமல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு வரைந்தேன். வரைந்து முடித்துப் பார்த்தால், சந்தோஷத்தில் கை ஆடி, விளிம்புக் கோடு இரண்டாகப் போயிருந்தது. இதை வைத்து யாருக்கும் எதையும் நிரூபிக்க முடியாது.

அதற்குள் டிரைவர் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகிவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்தார். அட்டையைப் பார்த்தார்.

"இது என்னாம்மா?"

"சூரியன். இந்தக் கறுப்பு இருக்குதே, அதுக்குள்ள நம்ம பூமியைப் போட்டா முழுகிப் போயிடும்."

"அங்க சூடு இல்லியா?"

"சுத்திக் கொதிக்குது. நடுவுல இது மட்டும் அடங்கி நிக்குது. பதிமூணு நாளாப் பார்க்கிறேன், கலையல."

"கொதிக்கிற எடத்துல பதிமூணு நாளா!" அவர் தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "பதிமூணு மைலுக்கு அடங்க மாட்டேங்குது இது." மறுபடி குனிந்து பார்த்தார். "நாளைக்கு வந்து பாத்துக்கலாமே?"

"நாளைக்கு அந்தப் பக்கம் போயிடும். நானும் கப்பல்ல போயிடுவேன்."

"வரைஞ்சாச்சா?"

"கை ஆடிப்போச்சு" என்றேன். தாளைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் போய் வண்டியில் ஏறி ஹாரன் அடித்தார். எங்கள் இருவரைத் தவிர எல்லாரும் ஏறினார்கள். வாணியம்பாடியில் கோர்ட்டு வாய்தாவுக்குப் போகிற ஒருவர், கக்கத்தில் காகிதக் கட்டோடு, முதல் ஹாரனிலிருந்தே கத்திக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்குப் பெயர் கூப்பிடுவார்களாம். நான் கருவியின் திருகைத் தளர்த்தக் கையை வைத்தேன்.

டிரைவர் மறுபடி இறங்கினார். வாளியை எடுத்தார். எஞ்சினின் முன்மூடியைத் தூக்கி, திருகு மூடியைக் கழற்றி, ஏற்கெனவே நிரம்பியிருந்ததில் நிதானமாகத் தண்ணீரை ஊற்றினார். ஊற்றியதெல்லாம் அப்படியே வழிந்து தார்ச்சாலையில் ஓடியது.

"இன்னும் தண்ணி கேக்குது!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "கொஞ்சம் பொறுங்க!"

வாய்தாக்காரர் கோபமாக இறங்கி வந்தார். வழிந்த தண்ணீர் அவர் செருப்பை நனைத்துக்கொண்டு போனது. தண்ணீரைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். கல்லின்மேல் குனிந்திருந்த என்னைப் பார்த்தார். பிறகு வண்டிப் பக்கம் திரும்பி, எல்லார் காதிலும் விழும்படி சத்தமாகச் சொன்னார்:

"ஆமாங்க, இன்னும் கேக்குது."

அண்ணன் அட்டையை நேராகப் பிடித்தார். நான் புதுத் தாளை வைத்து வரையத் தொடங்கினேன். இந்த முறை கை ஆடவில்லை.